திரும்பி வந்த நாற்பது ஷீட்

அமீர்பேட், ஹைதராபாத்
6-7-1987

அன்புள்ள உங்களுக்கு, ஜலஜா நமஸ்காரம்.

ரமாவுக்கு ஜுரம் விட்டுவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். நீங்கள் ஒரிசாவில் பாலசோர் லேபுக்குக் கிளம்பும்போது ஒழுகிக்கொண்டிருந்த குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டு வாரமாக உங்களிடம் ஒன்று சொல்லாமல் வைத்திருக்கிறேன். நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் வேலை. பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டர் பேகம்பேட்டில் இருக்கிறது, நான் நம் வீட்டு இஸ்திரி மேஜையில் இருக்கிறேன்.

யாரோ வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்புப் பாரங்கள் கட்டுக் கட்டாக வருகின்றன. வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, தண்ணீர் குழாயிலா கிணற்றிலா, அடுப்பு என்ன அடுப்பு. அதையெல்லாம் எண்ணாக மாற்றிக் கட்டம் போட்ட ஷீட்டில் எழுத வேண்டும். குழாய் என்றால் 1, கிணறு என்றால் 2. அந்த ஷீட்டைப் பார்த்து ஆபீசில் பெண்கள் மெஷினில் அடிப்பார்கள். கரீம் பாய் என்று ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் லூனா வண்டியில் வந்து பழைய கட்டை வாங்கிக்கொண்டு புதுக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஷீட்டுக்கு முப்பது பைசா. சொற்பம்தான், தெரியும்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரே பாரம் முதலில் ஒருத்தியிடமும் பிறகு இன்னொருத்தியிடமும் போகும். இரண்டு பேர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். ஒத்தால்தான் பாஸ். நான் ஒன்பதாம் நம்பர். என் ஜோடி பதினாலாம் நம்பர். அவள் யார், எந்தப் பேட்டை என்று சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் பேசி வைத்துக்கொள்வோமாம்.

வாசற்படி தாண்டாத வேலை. அதனால் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். எப்போது வருகிறீர்கள்?

ஜலஜா

*

பாலசோர்
14-7-1987

சௌ. ஜலஜாவுக்கு ஆசிகள்.

உன் 6ஆம் தேதிக் கடிதம் 12ஆம் தேதி கிடைத்தது. ரமாவுக்குக் குணமானது அறிந்து நிம்மதி. குழாய்க்கு வீட்டுக்காரரிடம் சொல், நீயாகப் பிளம்பரைக் கூப்பிடாதே.

வேலை விஷயம். ஆட்சேபம் என்று நான் சொல்லவில்லை. சில சந்தேகங்கள். முதலாவது, அவர்கள் உன்னிடம் டெபாசிட் ஏதும் வாங்கினார்களா? வாங்கியிருந்தால் மோசடி. வாங்கவில்லை என்றால் இன்னும் யோசிக்க வேண்டும், முன்பின் தெரியாத பெண்ணின் கையில் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போக அவர்களுக்கு என்ன தைரியம்? இரண்டாவது, யார் வீட்டில் எத்தனை பேர், எவன் எங்கே வேலை பார்க்கிறான் என்ற விவரமெல்லாம் ஏன் ஒரு தனியார் கம்பெனிக்குப் போகிறது? நம் லேபில் ஒரு குண்டூசி வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். மூன்றாவது, அந்த லூனாக்காரர் வாசலில் நிற்கிறாரா, உள்ளே வருகிறாரா? எத்தனை மணிக்கு? பக்கத்துப் போர்ஷன் லலிதாம்பாள் மாமி அந்த நேரத்தில் வீட்டில் இருப்பாரா?

ஆபீஸ் பெயர், முழு விலாசம், பொறுப்பாளர் பெயர் எழுது. விசாரித்து வைக்கத்தான். வேறொன்றுமில்லை.

லீவு பற்றி இன்னும் நிச்சயமில்லை.

பத்ரிநாராயணன்

*

அமீர்பேட்
22-7-1987

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, கல்யாணம் பண்ணிக்கொண்டது விஞ்ஞானியையா இல்லை போலீஸ்காரரையா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பதில் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். டெபாசிட் இல்லை. கரீம் பாய் வாசலோடு சரி, பதினொன்றரைக்கு. அவருக்கு உங்களைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். லலிதாம்பாள் மாமி எப்போதும் வீட்டில்தான் இருக்கிறார், அதுவும் ஜன்னலில்தான் இருக்கிறார். “என்னடி ஜலஜா, கட்டுக் கட்டா வரதே, கல்யாணப் பத்திரிகையா?” என்று அன்றைக்குக் கேட்டார்.

பொறுப்பாளர் பெயர் சீதாராமன். நம்மவர்தான், மாயவரம் பக்கம். பேகம்பேட்டில் விமான நிலையம் போகிற ரோடில், தையல் மெஷின் கடைக்கு மேல் மாடி. முழு விலாசத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். போன வாரம் ஒரு பாரத்தில் புருஷனுக்கு வயது 25, பெண்டாட்டிக்கு 52 என்று இருந்தது. கணக்கெடுக்கப் போனவன் மாற்றி எழுதிவிட்டான் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். கை பரபரத்தது. ஆனால் திருத்தக் கூடாது, இருக்கிறதை இருக்கிறபடி எழுது என்பதுதான் இங்கே சட்டம். அப்படியே எழுதினேன். பதினாலாம் நம்பர் திருத்தியிருந்தாள். அதனால் ஒத்துப்போகவில்லை. இந்தத் தடவை சரி நான், தப்பு அவள்.

இதுவரை முந்நூறு ஷீட் முடித்திருக்கிறேன், என் பக்கம் ஒரு பிழை கிடையாது. வெள்ளிக்கிழமைக் கட்டில் சீதாராமன் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தார், “மிக நன்று” என்று. பி.எஸ்ஸி. முடித்துப் பதினான்கு வருஷமாகிறது. அதற்குப் பிறகு எனக்கு யாரும் மார்க் போட்டதில்லை. அந்தத் துண்டைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

மேஜைக்குத்தான் தினம் சண்டை. “மம்மி, மேரா ஹோம்வர்க் ஹை, தும்ஹாரா நக்கோ” என்கிறாள் உங்கள் பெண். மேஜை அவள் ஹோம்வர்க்குக்குத்தானாம், என் வேலைக்கு வேண்டாமாம். தமிழில் சொல்லடி என்றால் தெலுங்கில் சொல்கிறாள்.

ஜலஜா

*

பாலசோர்
30-7-1987

சௌ. ஜலஜாவுக்கு,

உன் 22ஆம் தேதிக் கடிதம் 28ஆம் தேதி கிடைத்தது. விலாசம் குறித்துக்கொண்டேன்.

இங்கே ஒருவரிடம் விசாரித்தேன். இந்த மாதிரிக் கம்பெனிகள் இன்றைக்கு மாடியில் இருக்கும், நாளைக்குப் பூட்டு தொங்கும் என்கிறார். அது போகட்டும். நாள் முழுக்கப் பொடி எழுத்தைப் பார்த்தால் உன் கண் என்னவாகும்? உங்கள் அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே கண்ணாடி. தவிர, நான் இருக்கிற வேலையில் வீட்டுக்கு வெளியார் காகிதம் வருவது சரியா என்றும் பார்க்க வேண்டும். தவிர, ரமாவின் படிப்பு. மேஜைக்குச் சண்டை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இந்தக் கட்டோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். இல்லாவிட்டால் நான் வரும் வரையிலாவது பொறு.

பத்ரி

*

அமீர்பேட்
6-8-1987

உங்களுக்கு,

பொறுக்க மாட்டேன்.

எழுபத்தெட்டில் லாலாகுடா ரயில்வே பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குக் கணக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. குழந்தைக்கு இரண்டு வயதாகட்டும், பொறு என்றீர்கள். பொறுத்தேன். குழந்தைக்கு இப்போது பத்து வயது. அந்த ஆர்டர் எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்போது வெளியே போகக் கூடாது என்றீர்கள். சரி. இப்போது வெளியே போகவில்லை, உள்ளேயே இருக்கிறேன். உள்ளே இருந்தாலும் குற்றமா? ஒரு கடிதத்தில் மோசடி என்கிறீர்கள், அடுத்ததில் கண் என்கிறீர்கள், பிறகு லேப் என்கிறீர்கள், அப்புறம் ரமா. ஒரே பாரத்தை நாலு பேர் நாலு விதமாக எழுதிய மாதிரி இருக்கிறது. உண்மையான காரணம் ஒன்று இருந்தால் இத்தனை காரணம் எதற்கு?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி லலிதாம்பாள் மாமிக்கு ஏதாவது எழுதியிருக்கிறீர்களா? கரீம் பாய் வண்டி சத்தம் கேட்டாலே மாமி வடாம் காய்கிறதா என்று பார்க்க வெளியே வந்துவிடுகிறார். ஆடி மாத மழையில் என்ன வடாம்?

வேலையைத் தொடர்வதாக இருக்கிறேன்.

ஜலஜா

*

பாலசோர்
17-8-1987

அன்புள்ள ஜலஜா,

உன் 6ஆம் தேதிக் கடிதம் 12ஆம் தேதி கிடைத்தது. உடனே பதில் எழுத மனம் வரவில்லை. மாமிக்கு நான் எழுதவில்லை, சத்தியம்.

லாலாகுடா விஷயத்தில் நான் செய்தது தப்பாக இருக்கலாம். அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை. அதை இப்போது பேசி என்ன ஆகப்போகிறது?

உன் சாமர்த்தியத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. இருந்தாலும் தப்பு எல்லோருக்கும் வரும். இந்தக் கம்பெனிக்காரர்கள் இன்று தூக்கி வைப்பார்கள், நாளைக்கே இறக்கி விடுவார்கள். நாற்பது ஷீட் திரும்பி வந்தது என்றால் வரட்டுமே, அதனால் உன் படிப்புக்கு ஒரு குறையும் இல்லை. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. கௌரவமாக விலகிக்கொள்.

இங்கே நல்ல மழை. குடையைத் தொலைத்துவிட்டேன்.

பத்ரி

*

அமீர்பேட்
19-8-1987

அன்புள்ள உங்களுக்கு,

நான் எழுதியதற்கு உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. கோபமாக இருப்பீர்கள். இருங்கள், இப்போது உங்களுக்குச் சந்தோஷமான செய்தி.

நேற்று கரீம் பாய் வந்தார். புதுக் கட்டு இல்லை. போன வெள்ளிக்கிழமை நான் கொடுத்தனுப்பிய நாற்பது ஷீட்டும் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. மேலே சீதாராமன் கையெழுத்தில் ஒரு காகிதம்: “பிழைகள் அதிகம். இனி வேலை அனுப்ப இயலாது.” அவ்வளவுதான். எந்த ஷீட்டில் எந்தக் கட்டத்தில் பிழை என்று ஒரு கோடுகூடப் போடவில்லை. வழக்கமாகச் சிவப்பு மையில் வட்டம் போடுவார்கள்.

கரீம் பாய் தலையைச் சொறிந்துகொண்டு, “ஆப் கே ஷீட் தோ சப் பாஸ் ஹைன் மேடம். கைக்கு வாபஸ் கரே கி, மாலும் நை” என்றார். என் ஷீட் எல்லாம் பாஸ்தானாம், ஏன் திருப்பினார்கள் என்று அவருக்கே தெரியாதாம். நல்ல மனுஷர், நான் அழுதுவிடப் போகிறேனே என்று சொல்லியிருப்பார்.

பாரங்களும் கூடவே வந்திருந்தன. ராத்திரி ரமா தூங்கின பிறகு நாற்பதையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்த்தேன். ஒரு பிழை கண்ணில் படவில்லை. படவில்லை என்பதுதான் பயமாக இருக்கிறது. பிழை இருந்தும் எனக்குத் தெரியாமல் போகிறதோ? நீங்கள் சொன்ன மாதிரி கண் போய்விட்டதா? இன்று காலை கண்ணாடிக் கடைக்குப் போய் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வரை படித்தேன். “உங்களுக்குக் கண்ணாடி விற்க முடியாதம்மா” என்று சொல்லிக் கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவேளை பதினாலாம் நம்பர்காரி வேண்டுமென்றே மாற்றி எழுதியிருப்பாளோ என்றுகூடத் தோன்றியது. முகம் தெரியாத ஒருத்தியை மனதுக்குள் திட்டிக்கொண்டு ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். நான் இப்படி ஆகிவிட்டேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை.

ஜலஜா

*

அமீர்பேட்
27-8-1987

உங்களுக்கு,

உங்கள் 17ஆம் தேதிக் கடிதம் 23ஆம் தேதி கிடைத்தது. நீங்கள் எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை படித்தபோது, மழையில் குடை இல்லாமல் இருக்கிறாரே என்றுதான் நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் கை நின்றது. ஷீட்டுகள் திரும்பி வந்தது 18ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு. அதை நான் உங்களுக்கு எழுதியது 19ஆம் தேதி. நீங்கள் 17ஆம் தேதியே ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். சும்மா ஆறுதல்கூட இல்லை. நாற்பது என்று எண்ணிக்கையோடு.

உறையில் தபால் முத்திரையைப் பார்த்தேன். பாலசோர், 17. ஆபீசில் ஷீட்டுகளை வைத்துப் பார்க்கிற மாதிரி உங்கள் கடிதத்தையும் சீதாராமன் துண்டுக் காகிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒத்துப்போனது. அப்படி ஒத்துப்போயிருக்கக் கூடாது.

ரமாவைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு நேற்று பேகம்பேட்டுக்குப் போனேன். பஸ்ஸில் பத்து நிமிஷம்தான், இத்தனை நாள் அது ஏதோ வேற்றூர் போல இருந்தேன். சீதாராமனுக்கு ஐம்பது வயதிருக்கும். என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். என் ஷீட்டில் பிழை எங்கே என்று கேட்டேன்.

“உக்காருங்கோம்மா” என்றார்.

“பிழையைக் காட்டுங்கோ, உக்காரறேன்.”

“பிழை ஒண்ணும் இல்லைம்மா. உங்க ஷீட்டுல இதுவரைக்கும் ஒரு பிழை நாங்க பாத்ததில்லை. உங்க ஆத்துக்காரர்தான் லெட்டர் போட்டிருந்தார். சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆபீசர், லேப் பேரெல்லாம் போட்டு எழுதியிருந்தார். எங்களுக்கு எதுக்கு வம்புன்னு...”

கேட்டதும் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். உங்கள் கையெழுத்து. 1-8-1987 தேதி. இந்த வரியை மட்டும் அப்படியே எழுதுகிறேன், நான் திருத்துவதில்லை: “நேரடியாக நிறுத்தினால் என் மனைவி மனம் புண்படுவாள். ஆகவே பிழைகள் மிகுதி என்று காரணம் காட்டி நிறுத்தினால் உதவியாக இருக்கும்.” அவர் உடனே உங்களுக்குப் பதில் போட்டாராம். கையில் இருக்கிற கட்டு முடியட்டும், 18ஆம் தேதி நாற்பது ஷீட்டையும் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று.

மனம் புண்படக் கூடாது என்று என்னை முட்டாளாக்கினீர்கள். ஒரு வாரம் என் கண்ணையும் மூளையையும் நானே சந்தேகப்பட்டேன். வேலையை நிறுத்தியதற்காக இல்லை, அந்த ஒரு வாரத்துக்காகத்தான் எனக்கு உங்கள்மேல் இவ்வளவு கோபம்.

அதோடு முடியவில்லை. ஓர மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்து, “ஒம்போதாம் நம்பர் நீங்கதானாக்கா? நான் பதினாலு” என்றாள். பெயர் கனகம். லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் அவள் புருஷனுக்கு வேலை. “உங்க ஷீட் நின்னதுலருந்து ஒத்துப் பாக்க ஜோடி இல்லேன்னு என்னுதுகூட அப்படியே கெடக்குது. பதினஞ்சு நாளா எழுதினது. எப்பம் வருமுன்னு கேக்கத்தான் வந்தேன்” என்றாள். ரசத்தில் உப்பைக் கொட்டிக்கொண்டு நான் திட்டியது இவளைத்தான். அவள் உழைப்பும் உங்கள் ஒரு கடிதத்தில் சேர்ந்து நின்றுபோயிருக்கிறது. அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் செய்கிறவர் செய்யாமல் இருக்கலாம்.

இதற்கும் நாலு காரணம் எழுத வேண்டாம். ஒன்று எழுதுங்கள்.

ஜலஜா

*

பாலசோர்
6-9-1987

ஜலஜா,

உன் 27ஆம் தேதிக் கடிதம் 2ஆம் தேதி கிடைத்தது. நாலு நாளாகத் தினமும் எழுதிக் கிழிக்கிறேன்.

எழுதியது நான்தான். லேப், கண், ரமா எல்லாம் சப்பைக்கட்டு. லேபில் கேட்டேன், ஒரு ஆட்சேபமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதை உனக்கு எழுதவில்லை.

ஒரே காரணம் கேட்டாய். இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எனக்கு வேலை கிடையாது. மெஸ்ஸில் சாப்பாடு, அப்புறம் கட்டில். உன் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஒவ்வொன்றும் ‘எப்போது வருகிறீர்கள்’ என்று முடியும். ஜூலை ஆறாம் தேதிக் கடிதம்தான் அப்படி முடிந்த கடைசிக் கடிதம். அடுத்ததில் முந்நூறு ஷீட் இருந்தது, மார்க் இருந்தது, வேடிக்கை இருந்தது, அந்தக் கேள்வி இல்லை. உறையைக்கூடக் கிழித்துப் பார்த்தேன். நான் இல்லாமலே உனக்கு நாள் நன்றாகப் போகிறது என்று தோன்றியது. பயந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவ்வளவுதான் காரணம்.

நான் முன்பு போட்ட கடிதத்தைக் கிழித்துப் போட்டு உனக்கு மறுபடி வேலை அனுப்பும்படி சீதாராமனுக்கு இன்று எழுதுகிறேன். வீட்டிலிருந்தே செய். என் தடை ஒன்றும் இல்லை. நான் வரும் வரை அந்த ஆபீசுக்கு மட்டும் நீ நேரில் போக வேண்டாம். தசராவுக்கு லீவு கேட்டிருக்கிறேன். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது.

பத்ரி

*

அமீர்பேட்
18-9-1987

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் 6ஆம் தேதிக் கடிதம் 12ஆம் தேதி கிடைத்தது. இந்தக் காரணத்தை நம்புகிறேன். யாரும் தனக்கு இவ்வளவு அவமானமான ஒன்றைப் பொய்யாக எழுத மாட்டார்கள். படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். ஆனால் மன்னித்தேன் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

சீதாராமனுக்கு நீங்கள் எழுதிய இரண்டாவது கடிதமும் வந்து சேர்ந்தது. அவர் அதைப் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அப்போது நான் அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். நானே கேட்டு, இந்தத் திங்கட்கிழமையிலிருந்து அங்கே வேலைக்குப் போகிறேன். பதினொன்றிலிருந்து நாலு வரை. இரண்டு பேர் எழுதின ஷீட்டுகளை ஒத்துப் பார்க்கிற வேலை. முதல் வேலையாகக் கனகத்தின் பழைய கட்டுகளுக்குத்தான் ஜோடி எழுதி முடித்தேன்.

வீட்டில் இருந்தபடி இந்த வேலை செய்வது பிரயோஜனமா என்று நீங்கள் நாலு கடிதமாக விசாரித்தீர்கள். நான் செய்து பார்த்தவள், சொல்கிறேன். இல்லை. கூலி குறைச்சல் என்பதாலோ முதுகு வலிக்கிறது என்பதாலோ இல்லை. நான் வீட்டுக்குள் இருந்தால், நான் இல்லாமலே என்னைப் பற்றி இரண்டு பேர் எழுதிப் பேசி முடித்துவிட முடிகிறது. எனக்குத் துண்டுக் காகிதம் மட்டும் வருகிறது. அங்கே உட்கார்ந்திருந்தால் அப்படிச் செய்ய முடியாது. அங்கே போக வேண்டாம் என்று நீங்கள் எழுதியதும் அதற்காகத்தானோ என்று ஒரு சந்தேகம் இன்னும் எனக்கு இருக்கிறது. அது ஒரே கடிதத்தில் போய்விடாது.

கிழிக்கச் சொன்ன கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

ரமா பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வருகிறாள். அதற்குள் நான் வந்துவிடுகிறேன். ஒரு நாள் மட்டும் பஸ் கிடைக்காமல் தாமதமானது. லலிதாம்பாள் மாமி தோசை வார்த்துக் கொடுத்திருந்தார். ஜன்னலில் நிற்கிறவர்களுக்கும் ஒரு உபயோகம் இருக்கிறது.

எப்போது வருகிறீர்கள் என்று இதிலும் நான் கேட்கப் போவதில்லை, தேட வேண்டாம். நீங்களே வருகிற நாளை எழுதுங்கள். வேலை நாளாக இருந்தால் சாவி மாமியிடம் இருக்கும். அரிசி களைந்து வைத்திருப்பேன், குக்கரை நீங்கள் ஏற்றிவிடுங்கள். நான் வர நாலரை ஆகும்.

ஜலஜா